தௌசாலாவின் புதிய பாட்டு

ஃபாங்காமாலோ, சவாயித் தீவு
மார்ச் 4

அன்பு மகள் எசெதாவுக்கு உன் தாய் மாதலேனா எழுதுவது. கர்த்தர் தயவில் நானும் அப்பாவும் நலம். ஆக்லாந்தில் நீயும், ஃபெரெத்தி மாமா வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டுச் சினிவா உன் கையில்தான் கொடுப்பாள். தன் மகளைப் பார்க்க அங்கே வருகிறாள், ஆறு வாரம் இருப்பாள். வேறு யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று ஆலயத்து வாசலில் நிறுத்தி அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். போனில் பேசலாமே என்று நினைப்பாய். நீ போனில் பேசும்போதெல்லாம் பக்கத்தில் உன் மாமா இருமுவது எனக்குக் கேட்கிறது. அதனால்தான் காகிதம். கதவைச் சாத்திவிட்டுப் படி.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. கடல் ஏறி வந்து பள்ளிக்கூடத்துப் பக்கம் ரோட்டைத் தின்றுவிட்டது. அப்பா பேருந்தைச் சுற்றுவழியில்தான் ஓட்டுகிறார். அவருடைய முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. சீமைப்பலா இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறது, சாப்பிடத்தான் வீட்டில் ஆளில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பதினெட்டாம் தேதியோடு உன் அக்கா தௌசாலா இறந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. அன்றைக்கு ரேடியோவில் அவள் கதையைப் பத்து நிமிடம் சொன்னார்கள். பாதி தப்பு. பன்னிரண்டு வயதில் ஆலயத்தில் பாடியபோது மாமா அவளைக் கண்டுபிடித்தாராம். கண்டுபிடிக்க அவள் என்ன தொலைந்தா போயிருந்தாள்? உனக்கு அப்போது பத்து வயது, முழுதாக நினைவிருக்காது. நடந்தது இதுதான். நிறுத்தங்களின் பெயரைச் சொல்ல அப்பா பேருந்தில் ஒரு மைக்கைப் பொருத்தினார். பதினாலு வயதுப் பெண் அதைப் பிடுங்கிப் பாட ஆரம்பித்துவிட்டாள். இறங்க வேண்டிய இடத்தில் யாரும் இறங்கவில்லை. படகுத்துறை வரைக்கும் போய்விட்டு, அதே பேருந்தில் திரும்பி வந்தார்கள். மறு வருடம் கிறிஸ்துமஸுக்கு வந்த மாமா, நம் வீட்டுச் சுவரெல்லாம் மெத்தைகளைச் சாய்த்து வைத்து, கூவுகிற சேவலைக் கூடையால் மூடிவிட்டு, அவளுடைய முதல் பாட்டைப் பதிவு செய்தான். மூன்றே வாரத்தில் நம் நாட்டின் இரண்டு தீவிலும் அந்தப் பாட்டில்லாமல் ஒரு பேருந்தும் ஓடவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் நீ பார்த்ததுதான். அப்பாவின் டிரைவர் சட்டையைக் கை மடித்துப் போட்டுக்கொண்டு அவள் மேடை ஏறினாள். ஊரில் உள்ள பெண்பிள்ளைகள் எல்லாம் அப்பன்களின் சட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆக்லாந்து, பிரிஸ்பேன், பாகோ பாகோ என்று நம் ஜனங்கள் இருக்கிற இடமெல்லாம் கூப்பிட்டார்கள். பதினேழு வயதில் இதயம் நின்றுபோனவளை மண்ணில் வைத்தோம். நம் ஊரில் மட்டும் இப்போது தௌசாலா என்று நாலு குழந்தைகள் இருக்கிறார்கள். ஒரு பேருந்தின் பக்கவாட்டில் அவள் முகத்தை வரைந்திருக்கிறார்கள், மூக்கு அவளுடையது இல்லை.

கதை முடிந்ததும் ரேடியோக்காரர், இதுவரை யாரும் கேட்காத ஒரு பாட்டு மாமாவின் பழைய கணினியில் கிடைத்திருக்கிறது என்று சொல்லிப் போட்டார். நான் அப்பாவின் பேருந்தில்தான் இருந்தேன். அப்பா நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டார். மீன் கூடையோடு இருந்தவள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அழவில்லை. உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்பது வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து உன் அக்காவுக்கு முன்பல்லில் ஓரம் உடைந்தது. அதற்குப் பிறகு 'ச' வரும் இடமெல்லாம் மெல்லிசாக ஒரு விசில் சேர்ந்து வரும். அவளுடைய எல்லாப் பாட்டிலும் அது இருக்கிறது. இந்தப் பாட்டில் 'ச' பதினாலு இடத்தில் வருகிறது. ஒரு இடத்தில்கூட விசில் இல்லை. இதை அப்பாவிடம் சொன்னேன். "உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல மாதலேனா? நம்ம கல்யாணத்துல பாதிரியாரையே நிஜப் பாதிரியார்தானான்னு கேட்டவதான நீ" என்றார். பிறகு, "நீ மூச்சக் கேளு. வரி முடியறதுக்கு முன்னாடியே, வார்த்தைக்கு நடுவுல மூச்சு வாங்குறா பாரு. கடைசி வருஷம் என் பொண்ணு அப்படித்தான் பாடினா. அவ மூச்சு எனக்குத் தெரியாதா?" என்றார்.

அவர் சொல்வது உண்மை. மூச்சு அப்படித்தான் இருக்கிறது. எனக்குச் சோறு இறங்காததற்கு அதுதான் காரணம்.

ஆலயப் பாடகர் குழுத் தலைவரிடம் கேட்டேன். "இப்பல்லாம் கம்ப்யூட்டரே செத்தவங்க குரல்ல பாடுதுக்கா. உங்க தம்பி அதுல கெட்டிக்காரன்" என்றார். மூன்று நாள் அதையே நம்பிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் போய், "கம்ப்யூட்டருக்கு ஏன்யா மூச்சு வாங்குது?" என்று கேட்டேன். 

நீ அந்த வீட்டில் இருக்கிறாய். உனக்குத் தெரியாமல் அங்கே யாரும் வந்து பாடியிருக்க முடியாது. வந்தது யார், எழுது. இன்னொன்று. அக்காவைப் போல உனக்கும் இதயத்துக்காகப் போடுகிற மாத ஊசியைக் கடைசியாக எப்போது போட்டுக்கொண்டாய்? ஊசி அட்டையைப் படம் எடுத்து அப்பாவின் போனுக்கு அனுப்பு. எல்லாம் சரியாக நடக்கிறது என்று மாமா சொல்லிவிட்டான். அவன் சொன்னது எனக்குத் தேவையில்லை. அட்டை வேண்டும்.

காலையும் மாலையும் ஜெபத்தில் உன் பெயரைச் சொல்கிறேன்.

உன் தாய்,
மாதலேனா


மாங்கெரே, ஆக்லாந்து
மார்ச் 16

அன்புள்ள அம்மாவுக்கு எசெதா பணிவோடு எழுதுவது. சினிவா அத்தை கடிதத்தை என்னிடமே கொடுத்தார். அவர் கொண்டுவந்த கொக்கோ கிடைத்தது. மாமா வீட்டில் எல்லாரும் சுகம்.

அம்மா, பாட்டு பழையதுதான். அந்த விசில் சத்தத்தை மாமா கணினியில் சுத்தம் செய்துவிட்டார், இப்போது அதெல்லாம் சுலபம். இங்கே யாரும் வந்து பாடவில்லை. உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்டு முடித்துவிட்டு, செத்துப்போன அக்காவையுமா சந்தேகப்படுகிறீர்கள்? இங்கே நம் ஜனங்கள் அந்தப் பாட்டைப் போட்டு எவ்வளவு அழுகிறார்கள் தெரியுமா? நீங்களும் ஒருமுறை அழுதுவிட்டால் நிம்மதியாகத் தூங்குவீர்கள்.

அட்டையைப் படம் எடுத்து அனுப்பிவிட்டேன். ஊசி மாதம் தவறாமல் போடுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. பழம் அடுக்கும் வேலையில் உட்கார்ந்தே செய்கிற பகுதிக்கு மாற்றிவிட்டார்கள், வசதியாக இருக்கிறது. மாமி எனக்கு இன்னும் இரண்டு தலையணை வாங்கிக் கொடுத்தார், அதை வைத்துச் சாய்ந்து படுத்தால் நல்ல தூக்கம் வருகிறது. அப்பாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்புகிறேன்.

உங்கள் மகள்,
எசெதா


ஃபாங்காமாலோ
மார்ச் 27

மகளே எசெதா,

உன் கடிதம் இன்று காலைதான் தபாலில் வந்தது. இதைத் தபாலில் போட்டால் நாளாகும். எழுதி, படம் எடுத்து, சினிவாவின் போனுக்கு அனுப்புகிறேன். அவள் உன் வேலையிடத்து வாசலுக்கே வந்து காட்டுவாள். படித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்பாள். அது நான் சொன்னதுதான், அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

உன் அட்டையின் படத்தை நர்ஸ் துமேமாவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தாள். "அக்கா, இது ஊசி போடுறவங்க எழுத்தில்ல. நாங்க வெளிய நாப்பது பேர் நிக்கறாங்கன்னு அவசரத்துல கிறுக்குவோம். இது பரீட்சை எழுதுன மாதிரி இருக்கு. அக்டோபர்ல இருந்து ஒரே பேனா, ஒரே கை" என்றாள். நானும் பார்த்தேன். ஏழுக்கு நடுவில் ஒரு கோடு இருக்கிறது. நம் வீட்டில் அந்த எண்ணை அப்படிப் போடுகிறவள் நீ ஒருத்திதான்.

உன் அக்காவுக்கும் அந்தக் கடைசி வருடம் தலையணை ஒன்று இரண்டானது, இரண்டு மூன்றானது. படுத்தால் மூச்சு முட்டும். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை, புது மெத்தை சரியில்லை என்றாள். நீ உன் கடிதத்தில் மூன்றாம் தலையணையை நல்ல சேதி மாதிரி எழுதியிருக்கிறாய். வேலையையும் உட்கார்ந்து செய்கிறாய்.

உடையாத பல், என் தௌசாலாவின் தொண்டை, அவளுடைய கடைசி வருடத்து மூச்சு. இந்த மூன்றும் சேர்ந்த பெண் உலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள். பாடியது நீ. முதல்நாள் பேருந்திலேயே என் மனம் அங்கே போய்விட்டது. போக வேண்டாம் என்று மனதை இழுத்துப் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டர், கூலிக்குப் பாடும் பெண் என்று ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சந்தேகப் புத்தி என்று எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மீன்காரியின் தராசை நம்ப மாட்டேன், ரேடியோ சொல்லும் வானிலையை நம்ப மாட்டேன். ஒரே ஒரு தடவை சந்தேகப்படாமல் இருந்தேன். தௌசாலாவை ஊர் ஊராய்க் கூட்டிப்போனபோது, "ஊசிய நான் பாத்துக்கறேன்க்கா" என்று என் தம்பி சொன்னான். கூடப்பிறந்த தம்பி, அக்காவை வணங்க வேண்டியவன், சொல்கிறானே என்று அட்டையைக் கேட்காமல் விட்டேன். அடக்கம் முடிந்த பிறகு அவள் பெட்டியில் அந்த அட்டை கிடைத்தது. அதில் ஐந்து கட்டம் காலியாக இருந்தது. இதை நான் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. உன்னை அதே தம்பி வீட்டுக்கு அனுப்பியதும் நான்தான். அங்கே ஆஸ்பத்திரி பக்கம், நல்லபடி நடக்கும் என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆகையால் எசெதா, பாட்டைப் பற்றி நான் இப்போது ஒன்றும் கேட்கவில்லை. பொய் எழுதியதற்கும் கோபமில்லை. உன் எதிரில் நிற்கிற சினிவாவோடு இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போ. வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றாதே. மாமாவிடம் கேட்காதே. உண்மை அட்டையைக் காட்டு, ஊசி தப்பிய மாதங்களைச் சொல்லு. திட்டினால் வாங்கிக்கொள். திரும்பி வந்து என்னோடு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடு, நான் கேட்டுக்கொள்கிறேன்.

எழுந்திரு. போ.

அம்மா


ஃபாங்காமாலோ
ஜூன் 22

அன்பு மகள் எசெதாவுக்கு,

அறுவை முடிந்து, சினிவாவின் மகள் வீட்டில் நீ நடமாடத் தொடங்கிவிட்டாய் என்று சினிவா சொன்னாள். இந்த ஆறு வாரத்தை மூன்று மாதமாக்கி உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்கு நான் என்ன செய்ய முடியும்? அவள் வீட்டுப் பன்றிகளுக்குத் தீனி போடுகிறேன், அவ்வளவுதான். இதயத்தின் வால்வைத் தைத்துவிட்டார்கள், இன்னும் மூன்று மாதம் தாமதித்திருந்தால் தைக்க ஒன்றும் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னதையும் அவள்தான் சொன்னாள். நீ அதை எனக்குச் சொல்லவில்லை. அதையும் கவனித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நீ எழுதிய கடிதத்தை அப்பா எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். பாத்திரம் கழுவும்போது அக்காவின் பாட்டை முணுமுணுத்தாயாம், வாசலில் நின்று கேட்ட மாமா உடைந்து அழுதானாம். அவன் கட்டாயப்படுத்தவில்லை, நானேதான் பாடினேன், அக்கா பெயரில் பாடினால் அவள் இன்னும் கொஞ்ச நாள் இருக்கிற மாதிரி இருந்தது என்று எழுதியிருந்தாய். ஊசி போட்டால் இரண்டு நாள் இடுப்பு வலிக்கிறது, வேலை போகும், பாட்டுப் பதிவு கெடும், நோய் இருப்பது தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தாயாம். அந்த இடத்தில் அப்பா நிறுத்திவிட்டார். மீதியை நான்தான் படித்தேன்.

இப்போது நீ அங்கே கேள்விப்படாத ஒன்றைச் சொல்கிறேன். போன திங்கட்கிழமை காலை, நான் தண்ணீர் பிடிக்க வெளியே வந்தேன். நம் வீட்டு முன்னால் சரளைக்கல்லில் ஒரு ஆள் மண்டியிட்டு, தலைமேல் குடும்பத்தின் பெரிய பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொலை செய்தவன் வீட்டார்தான் மன்னிப்புக் கேட்டு அப்படி வந்து உட்காருவார்கள்; பாயை எடுத்தால் மன்னித்தோம் என்று அர்த்தம், வெட்டிப்போட்டாலும் கேட்க முடியாது. சொந்த அக்கா வீட்டு முன்னால் யாரும் உட்கார்ந்ததில்லை என்று ஊர் முழுக்க வேலியோரம் வந்து நின்றது. பாயைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது எங்கள் அம்மாவின் பாய்.

அப்பா கத்தியைத் தேடவில்லை, பாயை எடுக்கவும் போகவில்லை. "உன் தம்பி. நீயே முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டுப் பேருந்தைக் கழுவப் போய்விட்டார். நான் உள்ளே உட்கார்ந்து சேம்பிலை ஆய்ந்தேன். இரண்டு கூடை ஆய்ந்தேன். வெயில் ஏறியது. அவன் அசையவில்லை. பாய்க்குள் ஆள் இருக்கிறானா, வைத்துவிட்டு ஓடிவிட்டானா என்றுகூடத் தோன்றியது. போய் எதிரில் நின்றேன்.

"கார்டுல அவளே எழுதினது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாதுக்கா" என்றான் பாய்க்குள்ளிருந்து. "மூச்சு வாங்கினது தெரியும். பதிவு பண்ணும்போதே கேட்டுச்சு. தௌசாலா மாதிரியே இருக்குன்னு சந்தோஷப்பட்டேன். அவ்வளவு பெரிய மடையன் நான்."

"தௌசாலாவோட ஊசி?"

பாய் தரையைத் தொடும் வரை குனிந்தான். பிறகு, "அது தெரியும். நாளைக்கு மேடை இருக்கு, வலியோட எப்படிப் பாடுவே, அடுத்த வாரம் போட்டுக்கலாம்னு சொன்னது நான்தான். அஞ்சு தடவ சொன்னேன்" என்றான்.

ஐந்து காலிக் கட்டங்களை நான் அவனிடம் சொன்னதே இல்லை, எசெதா. எண்ணிக்கை சரியாக இருந்தது. என் தம்பி பொய் சொல்லவில்லை என்று அந்த ஒரு இடத்தில் நம்பினேன். பாயை எடுத்தேன். அவன் முகம் வெந்துபோயிருந்தது. உள்ளே கூட்டிவந்து தண்ணீர் கொடுத்தேன். மன்னித்துத்தான் எடுத்தேனா, வெயிலைப் பார்த்து எடுத்தேனா என்று எனக்கே சந்தேகம். அதை இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் அவனாகவே ரேடியோ நிலையத்துக்குப் போய், பாடியது தௌசாலா இல்லை, அவள் தங்கை, ஏமாற்றியது நான் என்று தன் வாயால் சொன்னான். சிலருக்குக் கோபம். மீன்காரி மூன்று நாள் என்னோடு பேசவில்லை, அழுத கண்ணீரைத் திருப்பிக் கேட்பவள் போல முறைத்தாள். நாலாம் நாள் பேருந்தில் ஏறி, "அந்தச் சின்னவ பாட்டப் போடுங்க" என்றாள். அப்பா போட்டார். நான் அப்போதுதான் அழுதேன். உன் அக்காவுக்காக இல்லை.

இப்போது பாடுவதைப் பற்றி. டாக்டர் சரி என்கிற நாளில் பாடு. உன் பெயரில் பாடு. இரண்டு தீவு ஜனமும் உன்னைத் தௌசாலாவின் தங்கை என்றுதான் சொல்லும், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அவளுக்குக் கிடைக்காத வருடங்களை அவள் பெயரில் நீ வாழ்ந்து கொடுக்க வேண்டாம். எனக்கு எசெதா என்றொரு பெண் வேண்டும்.

அடுத்த ஊசி ஜூலை பத்தாம் தேதி என்று எழுதியிருக்கிறாய். அட்டையைப் படம் எடுத்து அனுப்பாதே, படத்தை நான் நம்ப மாட்டேன். ஆஸ்பத்திரியில் இருந்தபடியே போன் போடு. ஊசி போட்டவள் யாரோ, அவளிடம் போனைக் கொடு. அவள் பாஷை எனக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை, தேதியை மட்டும் சொல்லச் சொல். அவள் குரல் முதலில். அதற்குப் பிறகு உன் குரல். அப்போது நீ என்ன சொன்னாலும் நம்புகிறேன்.

இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை, ஊசி போடும்போதெல்லாம், நான் இருக்கிற வரைக்கும்.

கர்த்தர் உன் மேலிருந்து கண்ணை எடுக்காமல் இருக்கட்டும்.

உன் தாய்,
மாதலேனா